நாற்பத்தெட்டு நாள் விடுமுறையும் பிள்ளையின் கையில் இருக்கும் போனும்

பெங்களூருவில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் இரண்டாம் வகுப்பை முடித்துவிட்டான். முன்னேற்ற அறிக்கை வாங்கப் போன அன்று, "படிப்பு பரவாயில்லை, ஆனால் கவனம் சிதறுகிறது, வீட்டில் போனைக் குறையுங்கள்" என்று வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார். அறிக்கையின் குறிப்புப் பகுதியிலும் அதையே எழுதியிருக்கிறார். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பையனைப் பார்த்துக்கொள்வது மாமியார். போன் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை, பிடுங்கினால் வீடே அதிரக் கத்துகிறான், இரவு பதினொன்றுக்கு முன் தூங்குவதில்லை. விடுமுறையில் போனை அடியோடு நிறுத்திவிடலாமா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சரி, மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

நான் இந்த நகரின் கிழக்குப் பகுதியில் இருபத்தெட்டு ஆண்டுகள் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். ஆண்டு முடிவில் பெற்றோருக்குப் போகும் சுற்றறிக்கையைப் பல ஆண்டுகள் நானே எழுதியிருக்கிறேன். ஆண்டு விழாச் செய்தி, பரிசு பெற்றவர்கள், அடுத்த வகுப்புப் புத்தகம் எப்போது கிடைக்கும், சீருடை, பள்ளி திறக்கும் தேதி என்று எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "விடுமுறையில் குழந்தைகள் டிவி, செல்போன் பார்ப்பதைக் கட்டுப்படுத்தவும்" என்று ஒரு வரி சேர்ப்பேன். எப்படிக் கட்டுப்படுத்துவது என்று ஒரு முறையும் எழுதியதில்லை. அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு எத்தனை தாய்மார்கள் மனம் கனத்து வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று இப்போது வருந்துகிறேன். அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளமாகிறது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியோடு நிறுத்த வேண்டாம். இரவுத் தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிறகு பார்க்கலாம். கர்நாடகப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குச் சமீப ஆண்டுகளில் கோடை விடுமுறை ஏப்ரல் 11 முதல் மே 28 வரை வருகிறது. எண்ணிப் பாருங்கள், சரியாக 48 நாள். நம் ஊரில் மருந்து சாப்பிட்டாலும் விரதம் இருந்தாலும் ஒரு மண்டலம் என்று வைக்கும் அதே கணக்கு. ஒரு பழக்கத்தை இறக்கிவைத்து இன்னொன்றை ஏற்றிக்கொள்ளப் போதுமான காலம். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் தேதிகள் மாறும், முறை மாறாது.

ஆனால் போனைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. "கவனம் சிதறுகிறது" என்ற அந்தக் குறிப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கு அறிக்கை எழுதும்போது ஆசிரியையின் கை தானாகவே எழுதும் சொற்களில் அதுவும் ஒன்று. அவர் எதைப் பார்த்து அப்படி எழுதினார் என்று கேளுங்கள். காலை முதல் பாடவேளையிலா, மதிய உணவுக்குப் பிறகா? கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதா, வாய்மொழியாகக் கேட்கும்போதா? காலையில் கண் சொருகினால் பிள்ளைக்குத் தூக்கம் போதவில்லை. பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்த்தால் அவனுக்குக் கண் பரிசோதனை தேவை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. எப்போதும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தே எழுதுவாள். காப்பியடிக்கிறாள் என்று நினைத்து இரண்டு முறை அவளைத் தனியாக எழுப்பி உட்கார வைத்தேன். அழுதாள், அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்குக் கண் மருத்துவர்கள் வந்த நாளில்தான் தெரிந்தது, அவளுக்குப் பலகையில் எழுத்து என்று ஒன்று இருப்பதே சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி போட்டு வந்த வாரம், மரத்தில் இலைகள் தனித்தனியாக இருக்கின்றன என்று என்னிடம் வந்து சொன்னாள். அந்தக் குழந்தையை நான் மறக்கவில்லை. விடுமுறையின் முதல் வாரத்திலேயே உங்கள் மகனைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை என்றால் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிட்டப்பார்வை வருவதற்குப் போன் மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நெருக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்ப்பதற்கு அதில் பங்கு உண்டு. ஆனால் பிள்ளை வெயில் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மற்ற பள்ளிகளில் வழக்கம் போல. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வெளியில் போன பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, போகாதவர்களில் 39.5 விழுக்காடு. 2015 இல் இந்த முடிவு வெளியானது. நூறு பிள்ளைகளில் ஒன்பது பேரைக் காப்பாற்ற ஒரு பாடவேளை வெளிச்சம் போதுமாக இருந்திருக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். நன்றாக விளக்கெரியும் அறைக்குள் 500 லக்ஸ் வெளிச்சம் இருந்தாலே பெரிது. வெளியே மரநிழலில் நின்றால்கூடப் பல ஆயிரம் லக்ஸ். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது, அது கண்விழி அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆகவே போன் பார்க்கும் நேரத்தைக் குறைத்துவிட்டுப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் கண்ணுக்குப் பாதி நன்மைதான்.

இனி நீங்கள் கேட்ட மணிக்கணக்கு. இந்தியக் குழந்தை மருத்துவர் கூட்டமைப்பு 2021 இல் தந்த வழிகாட்டுதல் இது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், உறவினரோடு காணொளி அழைப்பு மட்டும் விதிவிலக்கு. இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரைகளும் அணைய வேண்டும். உங்கள் மகனின் வயதில், அதாவது ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, 24 மணி நேரத்தில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம். துள்ளி ஓடி மூச்சு வாங்க விளையாடுவது நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரை.

இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். பத்து மணி நேரத் தூக்கம், ஒரு மணி நேர ஓட்டம், மூன்று வேளை உட்கார்ந்து சாப்பாடு, குளியல், கொஞ்சம் புத்தகம், பாட்டியோடு பேச்சு. இவ்வளவும் நடந்த நாளில் பையன் ஒன்றரை மணி நேரம் கார்ட்டூன் பார்த்தால் நான் கவலைப்பட மாட்டேன். இவற்றில் இரண்டு விட்டுப்போன நாளில் அரை மணி நேரம் பார்த்தாலும் கவலைப்படுவேன். எனவே கடிகாரத்தை வைத்துக்கொண்டு போனைக் காவல் காக்காதீர்கள். எது விட்டுப்போனது என்று இரவில் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் விட்டுப்போயிருப்பது தூக்கமும் சாப்பாடும் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்தவர்கள் நாம்தாம். 2020 இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஐந்தாம் வகுப்பு வரை இணைய வழி வகுப்பு வேண்டாம் என்று கர்நாடக அரசு ஜூன் மாதத்தில் தடை போட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. அதே ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்), மழலையர் வகுப்புக்கு நாளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒன்று முதல் எட்டு வரை 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகள் போதும் என்று வரம்பு சொன்னது. அந்த இரண்டு ஆண்டுகளில் போன் என்பது பாடப் புத்தகம்போல் ஆகிவிட்டது. பிறகு பள்ளி திறந்தது, ஆனால் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவிலேயே வரத் தொடங்கியது. "வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும், போனைக் கொடு" என்று கேட்கும் பிள்ளையிடம் நாம் என்ன சொல்வது? பள்ளிக்கும் இதில் பொறுப்பு உண்டு. அடுத்த ஆண்டு தொடங்கும்போது, வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதிக் கொடுங்கள் என்று பெற்றோர் சேர்ந்து கேட்கலாம். கேட்டால் செய்யும் பள்ளிகள் இருக்கின்றன.

இரவுக்கு வருகிறேன். திரையின் வெளிச்சம் தூக்கத்தை அழைத்து வரும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இது அதிகம். அதோடு, பார்த்ததன் பரபரப்பு வேறு. பதினொன்றுக்குத் தூங்கி, காலை ஏழேகால் வேனைப் பிடிக்க ஆறு மணிக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழு மணி நேரம். ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரமாவது கடன். அந்தப் பிள்ளை வகுப்பில் கவனம் சிதறாமல் இருந்தால்தான் வியப்பு. எனவே நீங்கள் வைக்கும் முதல் விதி இதுவாக இருக்கட்டும்: இரவு எட்டு மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகும், படுக்கையறைக்குள் எதுவும் வராது. எல்லாப் போன்களும் என்றால் அப்பாவுடையதும் அம்மாவுடையதும் சேர்த்துத்தான். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குழுவோடு இரவுக் கூட்டம் இருக்கும் வேலை என்றால் அதைப் பையனிடம் சொல்லிவிட்டு வேறு அறையில் உட்கார்ந்து பேசுங்கள். அப்பா படுக்கையில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்க, பையனுக்கு மட்டும் விளக்கணைப்பது ஒரு வாரம்கூட நிற்காது.

படுக்கும் நேரத்தை ஒரேயடியாக இழுக்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு வர இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம் ஆகும், ஆகட்டும். காலையில் எழுப்பும் நேரத்தையும் கூடவே நகர்த்துங்கள். விடுமுறைதானே என்று பத்து மணி வரை தூங்கவிட்டால் இரவு மறுபடி தள்ளிப்போகும்.

அடுத்தது பகல். இங்கே எவ்வளவு நேரம் என்பதைவிட எதைப் பார்க்கிறான் என்பது முக்கியம். முடிவு உள்ளதைப் பார்ப்பது வேறு, முடிவே இல்லாததைப் பார்ப்பது வேறு. இருபது நிமிடக் கார்ட்டூன் கதைக்கு ஒரு தொடக்கம், ஒரு சிக்கல், ஒரு முடிவு இருக்கிறது. முடிந்ததும் பிள்ளையே ஒரு மூச்சு விட்டு நிமிர்ந்து பார்க்கும். அந்த நொடியில் "போதும், வா" என்றால் பெரும்பாலும் வந்துவிடும். ஷார்ட்ஸ், ரீல்ஸ் போன்றவற்றில் அந்த நொடியே வராது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். பெரியவர்களாலேயே நிறுத்த முடியாத ஒன்றை ஏழு வயதுப் பிள்ளை தானாக நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவன் கத்துவதில் பாதி அதனால்தான்: எந்த இடத்தில் நிறுத்தினாலும் அவனுக்கு அது நடுவில் பிடுங்கியதாகவே தெரியும்.

ஆகவே குட்டிக் காணொளிகளை இந்த 48 நாளுக்கு முற்றாக எடுத்துவிடுங்கள். எதையாவது அடியோடு நிறுத்த வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். கதை, விலங்குகள் பற்றிய படம், கைவேலை சொல்லித்தரும் காணொளி ஆகியவற்றைக் கூடத்து டிவியில் போடுங்கள். டிவி எட்டடி தூரத்தில் இருக்கும், கண்ணுக்கு நல்லது. சத்தம் வீட்டுக்கே கேட்கும், என்ன ஓடுகிறது என்று பாட்டிக்கும் தெரியும். தனியாகப் போர்வைக்குள் பார்க்கும் பழக்கம் அதில் வராது. யூடியூபில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை அணைத்துவையுங்கள். போன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் யூடியூப் கிட்ஸ் போடுங்கள். கூகுள் ஃபேமிலி லிங்க் மூலம் நாள் வரம்பும் இரவுப் பூட்டும் வைக்கலாம், புதுச் செயலி எதையும் உங்கள் அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாதபடி செய்யலாம். பணம் அனுப்பும் ரகசிய எண்ணை மட்டும் பிள்ளைக்குத் தெரியவிடாதீர்கள். ஆனால் பூட்டு என்பது வேலிதான். வேலிக்குள் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கவும் ஒருவர் வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அவன் பார்ப்பதை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். "அந்தக் கரடி ஏன் பொய் சொன்னது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவன் எவ்வளவு பேசுவான் என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

இப்போது மாமியார். அவரிடம் பேச வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். "அத்தை, நீங்கள் போன் கொடுத்துத்தான் இவன் இப்படி ஆனான்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்தால் அதன் வடு பல ஆண்டுகள் இருக்கும். அவர் நிலைமையில் நின்று யோசியுங்கள். முழங்கால் வலி, புது ஊர், மொழி தெரியாத பக்கத்து வீடு, கீழே இறங்கினால் வண்டிகள். துள்ளும் ஒரு பையனைக் காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை ஒரு வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவது எளிதான வேலையா? போன் இல்லாவிட்டால் அந்தப் பெண்மணிக்கு ஓய்வே இல்லை. எனவே அவரிடம் இருந்து போனை எடுக்கும்போது கூடவே பளுவையும் எடுக்க வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு அவர் கண்ணயரும் நேரம்தான் பையன் அதிகம் போனுக்குள் போகும் நேரம். அந்த நேரத்தையே அவனுடைய டிவி நேரமாக வைத்துவிடுங்கள். இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, நீங்கள் காலையிலேயே தேர்ந்தெடுத்து வைத்த நிகழ்ச்சி. பாட்டியும் நிம்மதியாகப் படுப்பார், பையனுக்கும் காத்திருக்க ஒரு நேரம் இருக்கும். மாலையில் பையனைக் கீழே அழைத்துப் போக ஒரு கல்லூரி மாணவரையோ பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளையையோ அமர்த்துங்கள். கோடைக்கால முகாமுக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாகவே ஆகும். முகாமுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு வாரம் போதும். காலை முதல் மாலை வரை வேறொருவர் சொன்னபடி நடப்பதற்குப் பெயர் விடுமுறை இல்லை.

பாட்டியிடம் இரண்டே இரண்டு பொறுப்பு கேளுங்கள். ஒன்று, மதியச் சாப்பாடு போன் இல்லாமல். முதல் நான்கு நாள் பையன் பாதிச் சோறோடு எழுந்துவிடுவான். விட்டுவிடச் சொல்லுங்கள், பின்னாலேயே ஓட வேண்டாம். நோயில்லாத பிள்ளை ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் அடுத்த வேளையில் ஈடுகட்டிக்கொள்ளும். திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கும் பிள்ளைக்குத் தன் பசியும் தெரியாது, தன் வயிறு நிறைந்ததும் தெரியாது. பாட்டியும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், அவன் தன் கையாலேயே பிசைந்து சாப்பிடட்டும்.

இரண்டாவது பொறுப்பு தமிழ் எழுத்து. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளின் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளியில் ஆங்கிலம், அடுத்து கன்னடம், மூன்றாவது மொழி பெரும்பாலும் இந்தி. தமிழ் காதோடு நின்றுவிடுகிறது. "போனில் தமிழ்ப் பாட்டு, தமிழ்க் கதை கேட்கிறான், அதனால் மொழி வளர்கிறது" என்று என்னிடம் பல தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் வளரும். ஆனால் மொழி ஆளிடமிருந்து வருவதுபோல் திரையிலிருந்து வருவதில்லை. 2003 இல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவோடு சீன மொழி பேசும் ஆட்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள் பேசியதைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. திரையில் கேட்டவை கற்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆய்வு அப்படியே பொருந்தாது. அவனால் திரையிலிருந்தும் கற்க முடியும். ஆனால் திருத்திச் சொல்லவும் சிரிக்கவும் மறுகேள்வி கேட்கவும் எதிரில் ஓர் ஆள் இருப்பதற்கு ஈடு இல்லை. உங்கள் வீட்டில் அந்த ஆள் இருக்கிறார்.

தமிழ் எழுத்து 247. நாள் 48. தினமும் ஐந்து எழுத்து, சில நாள் ஆறு. பெங்களூருப் பதிப்பாக வரும் தமிழ் நாளிதழ் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அன்றைய எழுத்தைத் தலைப்புச் செய்திகளில் தேடி வட்டமிடும் வேலை பையனுக்கு. மே மாதக் கடைசியில் அவன் பாட்டிக்குத் தலைப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவான். பாட்டிக்குப் பல்லாங்குழி தெரிந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். சோழியைக் குழி குழியாகப் போட்டுவரும்போது எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே பிள்ளை எண்ணத் தொடங்கிவிடும். இரண்டாம் வகுப்புக் கணக்குக்கு அதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை. படிக்கக் கதை வேண்டும் என்றால், இந்த ஊரில் 2004 இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், கன்னடம் இரண்டிலும் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. அதுவும் திரைதான், ஆனால் முடிவுள்ள திரை. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் ஒரு ஞாயிறு கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

விதிகளை எப்போது தொடங்குவது? ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். அறிக்கை வாங்கிய கோபத்தில் அன்றிரவே தொடங்கினால் அது தண்டனை. புத்தாண்டு அன்று மாங்காய்ப் பச்சடியோடு எல்லாரும் உட்கார்ந்து பேசி, பையனின் கையாலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டினால் அது வீட்டு முறை. அப்பா, அம்மாவுக்கான விதியும் அதில் இருக்கட்டும். நேரம் முடிய ஐந்து நிமிடம் முன்பு ஒரு முறை சொல்லுங்கள். அணைக்கும் பொத்தானை அவனே அழுத்தட்டும், நீங்கள் பிடுங்க வேண்டாம். முதல் மூன்று நான்கு நாள் அழுகை கூடத்தான் செய்யும். அப்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் கொஞ்சம் உரக்க அழுதால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். கத்தும்போது எதிர்த்துக் கத்தாமல், விளக்கம் சொல்லிக்கொண்டும் இருக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மதிப்பெண் வாங்கினால் போன் தருகிறேன், சோறு தின்றால் போன் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பரிசாக வைத்த பொருளின் மீது ஆசை கூடுமே தவிரக் குறையாது. நீங்கள் போனை எடுக்கும்போது, "பால்காரருக்குப் பணம் அனுப்புகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லி முடித்த வேலையோடு கீழே வையுங்கள். பெரியவர்கள் போனை ஒரு வேலைக்காக எடுத்து வேலை முடிந்ததும் வைப்பார்கள் என்பதைப் பிள்ளை வேறு எங்கே பார்க்கும்?

பிறகு ஒரு மதியம் அவன் வந்து, "போர் அடிக்கிறது" என்பான். அன்று நீங்கள் மகிழலாம். உடனே எதையாவது ஏற்பாடு செய்யாதீர்கள். இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள். அட்டைப் பெட்டி, கயிறு, பழைய துணி, சுண்ணக்கட்டி ஆகியவை எட்டும் இடத்தில் இருந்தால் போதும். மாலையில் வெளியே போக வேண்டும். அல்சூர், மர்பி டவுன் தெருக்களில் இன்னும் பிள்ளைகள் ஓட்டுச் சில்லுகளை அடுக்கி லகோரி ஆடுவதைப் பார்க்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில்தான் "பந்து விளையாடக் கூடாது" என்று பலகை வைத்துவிடுகிறார்கள். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து குடியிருப்போர் சங்கத்தில் மாலை ஐந்து முதல் ஆறரை வரை இடம் கேளுங்கள். வார்த்தையில் அழுத்தம் வேண்டும். இது பிள்ளைகளின் கண்ணும் எலும்பும் சம்பந்தப்பட்டது. ஏப்ரல், மே மாலைகளில் திடீரென்று கோடை மழை கொட்டும். நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். ஞாயிறு காலையில் கப்பன் பூங்காவுக்குள் வண்டிகளை விடுவதில்லை. அங்கே ஓடவிட்டு, அப்படியே நடந்து கஸ்தூரிபா சாலையில் இருக்கும் விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போங்கள். பொத்தானை அழுத்தி, சக்கரத்தைச் சுற்றி, கையால் தொட்டுப் பார்க்கும் இடம் அது.

ஊருக்குப் போகும் ரயில் பயணத்தையும் இதில் சேருங்கள். கண்டோன்மென்ட்டில் ஏறி ஜோலார்பேட்டை வரும் வரை பிள்ளை தலை நிமிராமல் போனுக்குள் இருப்பதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். சன்னல் இருக்கையை அவனுக்குக் கொடுத்து, ஒரு நோட்டில் வரும் நிலையங்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பெயர்ப் பலகையில் முதலில் கன்னடம், பிறகு குப்பம் பக்கம் தெலுங்கு, அதற்கப்புறம் தமிழ் என்று எழுத்து மாறிக்கொண்டே வரும். மூன்று எழுத்துகளைக் கண்ணால் பார்த்துக் கடக்கும் பயணம் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்?

சில பிள்ளைகளுக்கு இவ்வளவு செய்தும் போதாமல் போகலாம். போனில் ஆடும் வீடியோ விளையாட்டைத் தன்னால் நிறுத்தவே முடியாமல், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகி, உடம்பும் உறவும் படிப்பும் கெடுவது தெரிந்தும் தொடர்ந்தால் அதை ஒரு கோளாறாகவே உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பொதுவாக ஓராண்டு காலம் இப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர். உங்கள் மகன் அந்த நிலையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பொருள்களை உடைக்கிறான், தன்னையே அடித்துக்கொள்கிறான், பள்ளிக்குப் போகவே மறுக்கிறான் என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டாம். இதற்கென்றே இந்த ஊரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014 இல் ஷட் கிளினிக் என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதைப் போல இதற்கும் போகலாம்.

மே 20 வாக்கில் படுக்கும் நேரத்தை மறுபடி சரிபாருங்கள். ஊருக்குப் போய் வந்ததில் எப்படியும் கலைந்திருக்கும். பள்ளி திறக்கும் 29 ஆம் தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒன்பது மணிக்கு விளக்கணைத்து ஆறு மணிக்கு எழுப்புங்கள். முதல் வாரத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையை ஐந்து நிமிடம் பாருங்கள். கண் பரிசோதித்தாகிவிட்டது, கண்ணாடி உண்டு அல்லது இல்லை. இரவு இத்தனை மணிக்குத் தூங்குகிறான். வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதித் தந்தால் உதவியாக இருக்கும். இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, ஜூலையில் ஒரு நாள் வந்து கேட்கிறேன், காலை முதல் பாடவேளையில் எப்படி இருக்கிறான் என்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.